கடிப்பது எது?

கேள்வி: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வழிகாட்டியுடன் நடக்கும் களப்பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். கரடி கடித்துவிடுமோ என்று பயம். எப்படித் தயாராவது?

பதில்: கரடிக்கு முன்னால் புது ஷூ கடித்துவிடும்! இன்றே வாங்கி, ஒரு மாதம் மாடிப்படி ஏறி இறங்கிப் பழக்குங்கள். பூங்காவின் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேல். முதல் நாள் மூச்சு வாங்கும். ஜூலை இரவிலும் குளிரும், கம்பளிச் சட்டை அவசியம். கரடிக்கென்றே விற்கும் மிளகு ஸ்பிரே இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டரும் காட்டெருமையிடமிருந்து 23 மீட்டரும் தள்ளி நிற்பது விதி. சாதுவாக மேய்கிறதே என்று நம்பாதீர்கள். அங்கே கரடியைவிட அதிகம் பேரைக் காயப்படுத்தியது காட்டெருமைதான். நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள், கிட்டே போகும் ஆசையே வராது.