வேலை முடிந்தது, காகிதம் வரவில்லை

ரசீது பிரிண்டருக்கு மூளை கிடையாது என்பவர்கள் அதை லினக்ஸ் கணினியோடு இணைத்துப் பார்க்காதவர்கள். திரையில் ‘வேலை முடிந்தது’ என்று வரும், காகிதம் வராது. கணினி சொன்னது பொய்யும் அல்ல. பிரிண்டரின் 9100-ஆம் போர்ட்டில் பைட்டுகளைக் கொட்டியதோடு அதன் கடமை தீர்ந்தது, மனுவை வாங்கிக்கொண்டு முத்திரை குத்திய குமாஸ்தாவைப் போல.

மறுநாள் கணினி ‘பிரிண்டர் கிடைக்கவில்லை’ என்று சொல்லும். பிரிண்டரோ மேஜைமேல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். இரவில் மின்சாரம் போய்வந்ததும் ரூட்டர் அதற்குப் புது ஐ.பி. முகவரி கொடுத்திருக்கும், கணினி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால், பல மாடல்கள் தம் முகவரியைத் தாமே அச்சடித்துக் கொடுத்துவிடும். கேட்டால் சொல்லும் ரகம்தான், நாம்தான் கேட்பதில்லை.

டிரைவர் இல்லாமல் பி.டி.எஃப். கோப்பை அப்படியே அனுப்பிவிட்டால் வேடிக்கை வேறு. புரியாத குறிகளாக முழம் முழமாகக் காகிதம் வந்துகொண்டே இருக்கும். தமிழ் பில் கேட்டால், பல பிரிண்டர்களில் தமிழ் எழுத்தே இருக்காது. ‘மசாலா தோசை’ வரிசையான கேள்விக்குறிகளாக வந்து விழும். தோசையைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாம் சரியாகியும் வெள்ளைக் காகிதமே வந்தால், அதை இருபுறமும் நகத்தால் கீறிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் கறுக்கும். கறுக்காத பக்கம் மேலே இருந்தால் ரோலைத் திருப்பிப் போடுங்கள். ரூட்டரில் பிரிண்டருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கும்வரை, பழைய பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.