எட்டுக் கொம்புப் பொட்டி

வா மனே, இப்பிடி இரு. எட்டுக் கொம்பு வைச்ச றவுட்டர் வாங்கக் கல்முனைக்குப் போறியாமே? கொப்பன் சொன்னான். நல்ல சாமான்தான். கொம்பு கூடினா விலையும் கூடும்.

பொட்டியில 1800 எண்டு போட்டிருக்காமே, அந்தக் கணக்கையும் கேட்டுட்டுப் போ. 5 கிகாஹேர்ட்ஸ் பாதைக்கு 1201, 2.4 பாதைக்கு 574. ரெண்டையும் கூட்டி, வந்த 1775ஐயும் இழுத்து 1800 ஆக்கியிருக்கான். உன்ட போன் ஒரு நேரத்துல ஒரு பாதையிலதான் போகும். நம்மட சந்தையில மீன் யாவாரி இப்பிடிக் கூட்டினா அடி விழும். இவனுக்குக் காசு விழுது.

அது கிடக்கட்டும். வீட்டுக்கு வாற லைன் எவ்வளவு? 20 மெகாபிட்டா? சாகாமக் குளத்துல தண்ணி அவ்வளவுதான் எண்டா, துருசை அகலிச்சு வயலுக்கு என்ன வரும்? தவளை வரும். கடைக்குப் போக முதல் லெப்டொப்பை வயரால பழைய பொட்டியில கொழுவி வேகத்தைப் பார். வயர்லயும் 20 எண்டா பொட்டியில குத்தமில்ல, பக்கேஜைக் கூட்டு. வயர்ல 20, அறைக்குள்ள 4 எண்டா சுவர்ல குத்தம். 5 கிகாஹேர்ட்ஸ் நல்லா ஓடும், ஆனா சுவரைக் கண்டா சோர்ந்திரும். உன்ட அம்மா வேற பொட்டிய இரும்பு அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருக்கா, கள்ளன் எடுத்திருவானாம்.

20 எண்டதையும் எட்டால பிரி மனே. செக்கனுக்கு ரெண்டரை மெகாபைட். 50 கிகாபைட் கேம் இறங்க அஞ்சரை மணித்தியாலம் செல்லும். படுக்கக்குள்ள போட்டுட்டுப் படு.

கேமுக்குள்ள சுட்டா குண்டு பிந்திப் போகுதெண்டு அழுகிறாய். அது வேகத்தால வாறதில்ல, தூரத்தால வாறது. சேர்வர் சிங்கப்பூர்ல எண்டு வை. ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடுறமே, அந்தக் கடலுக்கு அங்கால சிங்கப்பூர். ஆனா கடலடிக் கேபிளெல்லாம் கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம்தான் கரையேறுது. நம்மட கரையை ஒருத்தனும் எட்டிப் பார்க்கல்ல. உன்ட குண்டு முதல்ல மேக்கால போய்த்தான் கிழக்கால திரும்பணும். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செக்கனுக்கு ரெண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடும். அப்பிடி ஓடியும், கொழும்பில இருந்து சிங்கப்பூர் போய்வர நேர்கோட்டிலயே 27 மில்லிசெக்கன் பிடிக்கும். எட்டுக் கொம்பால குத்தினாலும் அது குறையாது.

குறைக்கக்கூடியது வேற இருக்கு. தங்கச்சி படம் இறக்கக்குள்ளதானே உன்ட பிங் ஏறுது? லைன் நிரம்பி, உன்ட குண்டு அவட படத்துக்குப் பின்னால வரிசையில நிக்குது. கியூஓஎஸ் எண்டு ஒரு செற்றிங் இருக்கு. நம்மட வட்டவிதானையப் போல, ஆருக்கு முதல்ல தண்ணி எண்டு முறை வைக்கும். கடையில கொம்பை எண்ணாம அது இருக்கா எண்டு கேள். கடைக்காரன் முழிச்சா வேற கடைக்குப் போ.

இன்னும் மலிவா ஒண்டு சொல்றன். கேட் 6 வயர் வாங்கி உன்ட அறைக்கு இழு. 100 மீற்றர் வரைக்கும் கிகாபிட் தாங்கும்; கேமுக்கு அதை மிஞ்சின சாமான் இல்ல. பொட்டிய அலுமாரிக்குப் பின்னால இருந்து எடுத்து வீட்டுக்கு நடுவுல வை. நடு எண்டா எங்கயெண்டு கேக்கிறியா? என்ட சாய்மனைக் கதிரைக்கு நேர மேல. நீ வயர்ல போனா வைபை சும்மாதானே கிடக்கும்? எம்ஜிஆர் படம் எனக்கு நிண்டு நிண்டுதான் ஓடுது மனே.