குளியல் தொட்டியில் பூதம் வளர்ப்பது எப்படி?

நாய் வேண்டாம் என்கிறார் அம்மா. பூனை என்றால் அக்காவுக்குத் தும்மல். மீன் வாங்கினால் மூன்றாம் நாள் மிதக்கிறது. மனம் தளர வேண்டாம். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஒரு பிள்ளை நினைத்தால் ஏரிப் பூதத்தையே வளர்த்து ஆளாக்கிவிடலாம். 2007ல் வெளிவந்த ‘தி வாட்டர் ஹார்ஸ்’ (நீர்க்குதிரை) படத்தில் ஆங்கஸ் என்ற பையன் அதைத்தான் செய்தான். இடம் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்கரை, காலம் 1942, உலகமே சண்டையில் இருந்த நேரம். அவன் அனுபவத்திலிருந்தும் அவனைப் போன்ற பிற திரைப் பிள்ளைகளின் அனுபவத்திலிருந்தும் திரட்டிய கையேடு இது. சேதாரங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

தேவையான பொருட்கள்

முட்டை – 1 (பெரியது, பாசி படிந்தது)
யாரும் நுழையாத பட்டறை – 1
குளியல் தொட்டி – 1
ஏரி – 1 (ஆழம் 200 மீட்டருக்குக் குறையாமல்)
வேலை மும்முரத்தில் இருக்கும் அம்மா – 1
தனிமை – தேவையான அளவு

செய்முறை

1. முதலில் அப்பாவை அப்புறப்படுத்துங்கள்

இதில் தயவு தாட்சண்யம் கூடாது. இந்தப் படத்துக்கு மூலம் டிக் கிங்-ஸ்மித் 1990ல் எழுதிய சிறுவர் நாவல். கதை நடப்பது 1930ல். முட்டையைக் கண்டெடுப்பது கிர்ஸ்டி என்ற பெண். ஆங்கஸ் அவளுடைய குட்டித் தம்பி. அம்மா உண்டு, சிடுசிடு தாத்தா உண்டு, வணிகக் கப்பலில் வேலை செய்யும் அப்பா உண்டு. வீடு நிறைய ஆள். பூதத்தை எல்லோருமாகச் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

சினிமாவுக்கு இது சரிப்படாது. தாத்தாவைத் தூக்கினார்கள். அக்காவை ஓரமாக உட்கார வைத்தார்கள். அப்பாவைக் கடற்படையில் சேர்த்துக் கப்பலோடு மூழ்கடித்தார்கள். அப்பா திரும்பி வருவார் என்று பிள்ளை மட்டும் பிடிவாதமாக நம்பிக்கொண்டிருக்கிறான். இப்போது பாருங்கள், முட்டை வைக்க இடம் கிடைத்துவிட்டது.

மற்ற படங்களிலும் இதே வழிதான். ‘இ.டி.’யில் (1982) எலியட்டின் அப்பா குடும்பத்தை விட்டுவிட்டு மெக்சிகோ போய்விட்டார். ‘லிலோ அண்ட் ஸ்டிச்’சில் (2002) பெற்றோர் கார் விபத்தில் போனார்கள். 2016ல் வந்த ‘பீட்ஸ் டிராகன்’ படத்திலும் கார் விபத்துதான். குழந்தைகள் படத்தில் நடிக்கக் கூப்பிட்டால், பெற்றோர் பஸ்ஸில் போவது நல்லது.

2. ஒளித்து வைக்க இடம் பாருங்கள்

அப்பாவின் பட்டறையே சிறந்தது. அம்மா அங்கே வர மாட்டார். வந்தால் அழுகை வரும். முட்டை பொரிந்ததும் ஜாகையைக் குளியல் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரு சிக்கல் உண்டு. 1942ல் பிரிட்டனில் எரிபொருள் தட்டுப்பாடு. தொட்டியில் 5 அங்குலத்துக்கு மேல் வெந்நீர் நிரப்பாதீர்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. ராஜா வீட்டுத் தொட்டியிலேயே கோடு போட்டு வைத்தார்கள். பூதத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும் என்பதால் தேசத் துரோகக் குற்றத்திலிருந்து தப்பித்தீர்கள்.

3. பெயர் வைத்துத் தீனி போடுங்கள்

கதையில் வரும் ராபின்சன் குரூசோ போலக் கரையொதுங்கியவன் என்பதால் ஆங்கஸ் தன் பூதத்துக்குக் குரூசோ என்று பெயர் வைத்தான். பெயர் வைத்த பிறகு எதையும் வீட்டை விட்டுத் துரத்த முடியாது. இது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

தீனிதான் கஷ்டம். வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி எல்லாம் 1940 ஜனவரியிலிருந்தே ரேஷன். மீனுக்கு ரேஷன் கிடையாது, க்யூ உண்டு. பூதம் வளர்கிற வேகத்துக்கு ஒரு தெருவின் கூப்பன் புத்தகங்கள் போதாது. அமெரிக்காவில் வசிப்பவர்கள் மிட்டாய் போடலாம். எலியட் தன் விருந்தாளியை ரீஸஸ் பீசஸ் போட்டுத்தான் வரவழைத்தான். முதலில் அணுகிய எம் அண்ட் எம்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. போட்டிக் கம்பெனியின் மிட்டாய் விற்பனை எகிறியது. வேற்றுலகவாசி வாசலில் வந்து நின்றால் இல்லை என்று சொல்லாதீர்கள்.

4. கூட்டுக்கு ஒரே ஒரு பெரியவர்

வீட்டு வேலைக்கு வந்த லூயிஸ் மோப்ரேக்கு விஷயம் தெரியும். அவர்தான் பரம்பரைக் கதையைச் சொல்கிறார்: உலகத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நீர்க்குதிரைதான் உண்டு, ஒரு முட்டை இடும், குஞ்சு பொரிவதைப் பார்க்காமலே செத்துப்போகும். ஆக, குரூசோவுக்கும் அப்பா கிடையாது. பிராணியைத் தேர்ந்தெடுக்கும்போது ஜாதகப் பொருத்தம் இப்படி அமைய வேண்டும்.

மற்ற பெரியவர்களைப் பற்றிப் பயம் வேண்டாம். அவர்கள் கண்ணெதிரே நின்றாலும் பார்க்க மாட்டார்கள். எலியட்டின் அம்மா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து இ.டி.யை இடித்தே தள்ளுகிறார், குனிந்து பார்க்கவில்லை. லிலோவின் அக்காவோ வேற்றுக்கிரக ஜந்துவை நாய்க் காப்பகத்தில் பதிவு செய்து, நாய் என்றே வீட்டுக்குக் கூட்டி வருகிறார். உங்களைக் கண்டுபிடிக்கக்கூடியது நிஜ நாய் ஒன்றுதான். ஆங்கஸ் வீட்டில் தங்கிய படையினரின் புல்டாக்குக்குப் பெயர் சர்ச்சில். அது மோப்பம் பிடித்துத் துரத்த, குரூசோ வீடு முழுக்க ஓடி, அதிகாரிகள் விருந்து சாப்பிடும் அறை ரணகளமாகிறது.

5. ராணுவம் வந்தால்

வரும். கேப்டன் ஹாமில்டன் ஏரிக்கரையில் பீரங்கி நிறுத்தி ஜெர்மன் நீர்மூழ்கிக்குக் காத்திருக்கிறார். ஏரி வாயில் வலை வேறு. நெஸ் ஏரியின் நீர்மட்டம் கடலைவிடச் சுமார் 16 மீட்டர் உயரம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஓர் ஆறு; கூடவே ஒரு கால்வாய், அதில் படகை ஏற்றி இறக்கும் லாக் கேட்டுகள். ஹிட்லரின் நீர்மூழ்கி உள்ளே வர வேண்டுமானால் வரிசையில் நின்று கேட்டைத் திறக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். படைத் தலைவர்களுக்குப் பூகோளம் சொல்லித் தராதீர்கள். அவர்கள் குண்டு போடட்டும். ஆனால் அந்தச் சத்தத்தில்தான் சாதுவான குரூசோ மூர்க்கமாகிறது. பிராணி கெட்டுப்போனதற்குப் பிள்ளை காரணமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. சவாரி

ஸ்காட்லாந்துப் பாட்டிகள் சொல்லும் நீர்க்குதிரை வேறு ரகம். கரையில் அழகாக நிற்கும். ஏறிய குழந்தையின் கை அதன் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே தண்ணீருக்குள் இழுத்துப்போய்த் தின்றுவிடும். பிள்ளைகள் ஏரிப் பக்கம் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு. படமோ தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஆங்கஸை அதன் முதுகில் ஏற்றி அடியாழம் வரை கூட்டிப்போகிறது. பாட்டி காலத்தில் பயமுறுத்தியது, இப்போது நீச்சல் கற்றுத் தருகிறது.

7. போட்டோ எடுக்காதீர்கள்

1934 ஏப்ரலில் ‘டெய்லி மெயில்’ வெளியிட்ட புகழ்பெற்ற நெஸ் ஏரிப் பூதப் படத்தில் நீண்ட கழுத்தோடு ஒரு தலை நீரில் எழுந்து நிற்கும். எடுத்ததாகச் சொன்னவர் டாக்டர் என்பதால் உலகம் நம்பியது. அது பொம்மை நீர்மூழ்கியின் மேல் ஒட்டிய செயற்கைத் தலை என்பது 1994ல் வெளியானது. திரைப்படம் இதைவிடச் சாமர்த்தியம்: நிஜ பூதத்தைப் படமெடுக்க முடியாதவர்கள் பொய்ப் படம் தயாரிக்கிறார்கள் என்று கதை கட்டி, பொய்யையே சாட்சியாக்கிவிட்டது.

பூதம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 2018ல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெம்மல் குழு ஏரி நீரில் மிதக்கும் டி.என்.ஏ.வை அலசியது. ஊர்வன இனத்தின் தடயமே இல்லை. விலாங்கு மீன் ஏராளம். படத்தின் ஏரிக் காட்சிகளில் பல எடுக்கப்பட்டது அதே ஒட்டாகோ பகுதியிலுள்ள வாக்காட்டிப்பு ஏரியில். பூதத்தை ஏற்றுமதி செய்த ஊரே இல்லை என்று சான்றிதழும் கொடுத்துவிட்டது.

8. வழியனுப்புதல்

இது கட்டாயம். வளர்ந்த பிராணியைப் பிரியாமல் படம் முடியாது. குரூசோ வலையைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அப்பா வர மாட்டார் என்பதை ஆங்கஸ் அதன் பிறகுதான் ஏற்கிறான்.

நிஜத்தில் இது இவ்வளவு சுலபமில்லை. ‘ஃப்ரீ வில்லி’யில் (1993) ஒரு பையன் விடுவிக்கும் திமிங்கிலமாக நடித்தது கெய்கோ. படம் பார்த்த குழந்தைகள் நிஜமாகவே அதை விடுவிக்கச் சொல்லிக் காசு அனுப்பினார்கள். மெக்சிகோ பூங்காவிலிருந்து 1996ல் அமெரிக்காவுக்கும் 1998ல் ஐஸ்லாந்துக்கும் கொண்டுபோனார்கள். 2002ல் கடலில் நீந்தி நார்வே வந்து சேர்ந்தது. தன் இனத்தோடு சேரவில்லை. கரையோரம் மனிதர்களைத் தேடி வந்தது. குழந்தைகள் முதுகில் ஏறி விளையாடினார்கள். 2003 டிசம்பரில் இறந்தது. திரையில் துணை தேடியது பிள்ளை. கடலில் துணை தேடியது பிராணி.

பெற்றோர் கவனத்துக்கு

விடுமுறையில் இந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். துணையில்லாத பிள்ளையின் கதையைப் பிள்ளை துணையில்லாமல் பார்க்கக் கூடாது. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கடைசி வரை கூட உட்கார்ந்து பாருங்கள்.