ஹெரால்டு சார்

அசோக் நகரில் தூண் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஹெரால்டு சார் வீட்டுக்கு வழி கேட்கவே வேண்டாம். தெருமுனையிலிருந்து தரையில் சொட்டியிருக்கும் ஆயிலைப் பார்த்துக்கொண்டே வந்தால் எங்கள் ஃபிளாட் வாசலில் வந்து நிற்பீர்கள்.

ஃபிளாட்டில் ஆறு வீடு, நான்கு கார் நிறுத்தத்தான் இடம். அதில் ஒன்று வருஷம் முழுக்க ஒரு வெள்ளி நிறக் கவருக்குச் சொந்தம். கவருக்குள் 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் உடைமையாளர் வங்கியில் ஓய்வு பெற்றவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, கரண்ட் பில்லில் பார்த்திருக்கிறேன். பேட்டைக்கு ஒருவர் இப்படி இருப்பார்; மயிலாப்பூரில் அவரிடம் மோரிஸ் மைனர் இருக்கும், அடையாறில் ஃபியட். ஞாயிறு காலை ஆறு மணி, முண்டா பனியன், கிழிந்த வேட்டித் துணி, காதில் பேனா செருகுகிற மாதிரி ஒரு ஸ்பார்க் பிளக். இவைதான் அங்க அடையாளங்கள்.

"பழைய வண்டி" என்று அவர் எதிரில் சொல்லிவிடக் கூடாது. "பழசு இல்ல தம்பி, கிளாசிக்" என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "அதுவும் ஸ்போர்ட்ஸ் கார் வம்சம்" என்று தொடங்கினால் காபி ஆறிவிடும். வாதம் இதுதான். மிகெலோத்தி என்ற இத்தாலியர் வரைந்து 1959-இல் இங்கிலாந்தில் வந்தது ட்ரையம்ஃப் ஹெரால்டு. அதன் சேஸிஸைக் குறுக்கி, அதே மிகெலோத்தியை வைத்து 1962-இல் செய்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார். "அப்போ ஸ்பிட்ஃபயர் யாரு? இதோட தம்பி!" தம்பி ஓட்டப் பந்தய வீரன் என்பதற்காக அண்ணனும் ஓடுவானா என்று எனக்கு நாக்கு நுனி வரை வரும். அதே ஹெரால்டு ஸ்டாண்டர்டு என்ற பெயரில் நம்ம ஊரில், வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. பிறகு நாலு கதவு வைத்தும் விட்டார்கள். அதை இவர் சேர்த்துக்கொள்வதில்லை. "நாலு கதவு குடும்பஸ்தனுக்கு. ரெண்டு கதவுதான் ஸ்போர்ட்ஸ்."

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், முதலை வாயைப் பிளந்த மாதிரி. பால்காரர், கூரியர் பையன், குடிதண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோருக்கும் திறந்து காட்டியாயிற்று. ரோட்டில் அது திறந்திருப்பதைப் பார்ப்பவர்கள் வண்டி ரிப்பேர் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் சரியாகவே நினைப்பார்கள்.

ஒரு ரப்பர் வாஷருக்காக மூன்று சனிக்கிழமை நான் அவரோடு புதுப்பேட்டை போயிருக்கிறேன். கடைக்குக் கடை கியர்பாக்ஸ் மலை, நடுவில் ஒற்றையடிப் பாதை. ஒரு பாய் கடையில் வாஷரை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வண்டியா? கடைசியா நான் உடைச்சே இருபது வருஷம் ஆச்சு சார்." நான் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றேன். ஹெரால்டு சாருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. அபூர்வம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டாரே!

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். செய்தியைப் படித்த அவர் வீட்டம்மா சொன்னார்: "எழுதினவங்க நம்ம வண்டிய நேர்ல பாத்திருக்காங்க. பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட், இந்த ரெண்ட விட்டா அது வேற எங்க போயிருக்கு?"

விதியில் அந்த இரண்டைத் தவிர இன்னொன்றும் இருக்கிறதே, ராலி! அதற்காகத்தான் பதினோரு மாதத் தவம். "கார் பேரணி" என்று அவர் சொன்னதும் வேலைக்கார அம்மா "எந்தக் கட்சி சார்?" என்றார்.

மனசுக்குள் அவருக்கு ஓடுவது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள், கோண்டல் மகாராஜாவின் கார், புழுதி, பெட்ரோல் வாசனை. "நாங்கல்லாம் சோழவரத்துல..." என்பார். அந்த "நாங்க", கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேர்க்கடலை தின்றவர்கள்.

இவர் போகிற ராலியில் வேகத்துக்கு இடமே இல்லை. இன்ன தூரத்தை இன்ன சராசரி வேகத்தில் கடக்க வேண்டும். இடையிடையே செக் போஸ்ட். பிந்தி வந்தால் அபராதப் புள்ளி, முந்தி வந்தால் அதைவிட அதிகம்.

சென்ற ஜனவரியில் மாமல்லபுரம் வரை. சாருக்குத் தோல் கையுறை, தட்டைத் தொப்பி. பக்கத்தில் வழி சொல்ல அவர் வீட்டம்மா. 1955-இல் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஜெயித்தபோது, கூட உட்கார்ந்திருந்த ஜென்கின்சன் வழிக்குறிப்பை நீளச் சுருளில் எழுதி வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். அதைக் கேட்டதிலிருந்து சார் மளிகைக் கடை பில் ரோல் வாங்கி அம்மாவிடம் கொடுத்திருந்தார். பின் சீட்டில் நான், இரண்டு கேன் தண்ணீர், ஒரு ஈரத் துணி. ஈசிஆர் வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறினால் வண்டி நின்றுவிடும். இறங்கி அதன் தலையில் ஈரத் துணி போட வேண்டும், காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போடுகிற மாதிரி. இது என் பொறுப்பு.

"முதலைப் பண்ணை வந்தாச்சுங்க. சீக்கிரம் வந்துட்டோம், கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்றார் அம்மா. சார் கேட்கவில்லை. டீக்கடையிலும் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மிதி. செக் போஸ்டில் வாட்சும் கையுமாக நின்ற பையன் சிரித்தான்: "சார், ஆறு நிமிஷம் முந்தி வந்துட்டீங்க."

பரிசெல்லாம் வேறு யாருக்கோ போயிற்று. திரும்பும்போது கேளம்பாக்கம் வரை தள்ளினோமா, அதற்கு முன்பே டோ வண்டி வந்ததா என்ற விவரத்தை நான் சொல்வதாக இல்லை. மறுநாள் அம்மா மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வேகமெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதுன்னு பயம்."

அந்த அபராதச் சீட்டுக்கு இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹாலில் வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் பார்க்க வசதியாக "அதிவேகம்" என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.