மாப்ளையோட காரும் மயில்துத்தமும்

பட்டப்பகல்ல போன் லைட்டப் போட்டுக்கிட்டு பானெட்டுக்குள்ள என்னத்தத் தேடறே மாப்ள? உள்ள சில்லறை கில்லறை உழுந்துருச்சா? நானும் கட்டில்ல குக்கிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். நீ சாவியத் திருகறே, அது ‘டகடகடக’ன்னு பல்லக் கடிக்குது. பதிலுக்கு நீ பல்லக் கடிக்கறே. ஜாதகம் பாக்காமயே உனக்கும் வண்டிக்கும் பொருத்தம் நல்லா அமஞ்சுருக்குது.

என்னது, பேட்டரி போயிருச்சா? யாரு சொன்னது? போன்ல கடைக்காரர் சொன்னாரா? பேட்டரி விக்கறவரக் கேட்டா பேட்டரிதான் போச்சும்பாரு. நல்லவேளை டயர் கடைக்குப் போன் போடாமப் போனே. பேட்டரிக்காரரு பணத்த எடுத்து வெய்யின்னதும் நீயும் பாக்கெட்டத் தடவறே பாரு, அந்தக் கை வேகம் மட்டும் உங்கொப்பனுக்கு இருந்திருந்தா எங்கக்கா இந்நேரம் மாடி ஊட்டுல இருந்திருப்பா.

காசு எங்கயும் ஓடாது, மொதல்ல சத்தத்தக் கேளு. சாவியத் திருகுனா ஒண்ணுமே பேசாம வண்டி ஊமையா நிக்குதுன்னு வெய்யி, அது வேற நோவு. பியூசு, கிளச்சுப் பெடலுக்கு மேல இருக்கற சுவிட்சு, சாவிக்குள்ள இருக்கற திருட்டுப்பூட்டுச் சிப்புன்னு அக்கட்டாலே தேடோணும். கனமா ‘டொக்’குன்னு ஒரே ஒருக்கா கேட்டு நின்னுதுன்னா செல்ப்பு மோட்டாரு மேலயும் ஒரு கண்ண வெய்யி. உன்ற வண்டி டகடகங்குது. செல்ப்புத் தலையில சாலினாய்டுன்னு ஒண்ணு குந்தியிருக்குது. கரண்டு வந்ததும் அது இழுத்து மோட்டாருக்கு இணைப்பக் குடுக்கும். மோட்டாரு ஒரே உறிஞ்சா உறிஞ்சுனதும் வோல்ட்டு பொத்துன்னு உழுந்துரும். உழுந்ததும் சாலினாய்டு கைய உட்டுரும். உட்டதும் வோல்ட்டு ஏறும், மறுக்கா இழுக்கும். இந்தக் கூத்துதான் உனக்குக் கேக்கற டகடக. போற கரண்டு பத்தலைன்னு மட்டுந்தான் அது சொல்லுது. பேட்டரிலயே இல்லியா, வர்ற வழியில எங்காச்சும் நிக்குதான்னு நீதான் பாத்துக்கோணும். கடைக்காரரு பாதியக் கேட்டு மீதிய அவுரே எழுதிக்கிட்டாரு.

லைட்டு பளிச்சுன்னு எரியுது, ஹாரன் ஊரையே எழுப்புது, அப்பறம் செல்ப்பு மட்டும் ஏன் எடுக்கலைன்னுதானே கேக்கறே? எஞ்சினியரிங் காலேஜுக்கு எங்கக்கா கட்டுன பீசக் கேட்டாத்தான் எனக்கு இன்னும் வவுறு எரியுது. ஒரு சின்ன பார்க்கிங் லைட்டு 5 வாட்டு. பன்னண்டு வோல்ட்டுல அதுக்கு அரை ஆம்பியரு கூட வேண்டாம். ஹெட்லைட்டு 55 வாட்டுன்னாலும் அஞ்சு ஆம்பியருக்குள்ளதான். செல்ப்பு மோட்டாரு எஞ்சினச் சுத்தோணும்னா நூறு, நூத்தம்பது, சமயத்துல அதுக்கும் எச்சா கேக்கும். மடையில பாதிக்குக் குப்பை அடைச்சுக் கெடந்தாலும் ஒரு கத்திரி நாத்துக்குத் தண்ணி போயிரும். தோப்புக்கே பாயோணும்னாத்தான் அடைப்பு தெரியும். கணக்காவே சொல்றேன், குறிச்சுக்க: இணைப்புல 0.02 ஓம் தடை வந்துதுன்னா, 150 ஆம்பியரு போறப்ப 3 வோல்ட்டு அங்கயே போச்சு. அதே தடையில பார்க்கிங் லைட்டுக்கு ஒண்ணும் தெரியாது.

இப்ப அந்தப் போன மடிச்சு வெச்சுட்டு, பேட்டரில செகப்பு மூடி இருக்குது பாரு, அதத் தூக்கு.

தூக்குனயா? எத்தன சீரா பூத்திருக்குது! வெள்ளையா இருக்கறது ஈய சல்பேட்டு. உள்ள இருக்கற கந்தக அமிலம் ஆவியா, கசிவா மேல ஏறி ஈயத்தத் திங்கறதுல வர்றது. ஓரத்துல நீலமும் பச்சையுமா மினுக்குதே, அதத் தொடாமயே நான் பேரு சொல்லுவேன். மயில்துத்தம். தென்னங்குருத்து அழுகுனா சுண்ணாம்போட கலக்கி ஊத்தறமே, போர்டோ கலவை, அதுல போடற அதே சரக்குதான். கேபிளுல இருக்கற செம்ப அமிலம் தின்னா மயில்துத்தம் வெளையும். கடையில காசு குடுத்து நான் வாங்கறத நீ பானெட்டுக்குள்ள வெள்ளாம பண்ணியிருக்கறே. வாரா வாரம் வண்டிய ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டறயாம், உன்ற ஊட்டுக்காரி பெருமையாச் சொன்னா. மூடிய ஒருக்கா தூக்கிப் பாக்கறதுக்கு நல்ல நேரம் அமையலயாக்கும்.

எழவு, கண்ணுல பாத்ததையும் நம்ப மாட்டே நீ. சரி, போன தீவாளிக்கு ஆன்லைன்ல மல்டிமீட்டர் வாங்குனயே, கவர் பிரிக்காம இருக்குமே, அதக் கொண்டா. பேட்டரி ரெண்டு ஈயக் கொமுளு மேலயும் முள்ள வெச்சுப் பாரு. ஓய்வா நிக்கற பேட்டரி 12.6 காட்டுனா நெறஞ்சிருக்குது. 12.2-ன்னா பாதி. பன்னண்டுக்குக் கீழ போனா காலின்னே வெய்யி. உன்னுது 12.5. கடைக்காரரு காதுல உழுகாம மெதுவாப் படி.

அடுத்ததுதான் வேடிக்கை. ஒரு முள்ளு பேட்டரி ஈயக் கொமுளு மேல, இன்னொரு முள்ளு அதே கொமுளப் புடிச்சிருக்கற கிளாம்பு மேல. ரெண்டும் ஒட்டிக் கெடக்கற சாமானுதானே, மீட்டரு சுழி காட்டோணும். இப்ப நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு உன்ற ஊட்டுக்காரியச் சாவியத் திருகச் சொல்லு. சுழிய ஒட்டி 0.1, 0.2-ன்னு நின்னா அந்த இணைப்புல குத்தமில்ல. பாத்தயா, ரெண்டரை வோல்ட்டுக்கு மேல காட்டுது! ஒரு நூலு இடைவெளி கூட இல்லாத எடத்துல ரெண்டரை வோல்ட்டப் பறி குடுத்துட்டு புது பேட்டரி வாங்கப் போனயே. வாங்கியிருந்தா அதே பூத்த கிளாம்ப புதுசு மேல மாட்டியிருப்பாங்க, மாட்டறப்ப கொஞ்சம் சொரண்டியிருப்பாங்க, வண்டியும் எடுத்திருக்கும். நீயும் பேட்டரிதான் கெட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பே. பழச அவுங்க எடைக்கு எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. நெம்பப் பேரு ஊட்டுல நடக்கறது இதுதான்.

ஸ்பேனரத் தூக்கறதுக்கு முன்னால கையில இருக்கற காப்பு, மோதிரம், கழுத்துச் செயினு எல்லாத்தையும் கழட்டி ஊட்டுக்காரிகிட்டக் குடு. திருப்பித் தருவாளாங்கறது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற சமாச்சாரம். பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மோதிரம் மாட்டுச்சுன்னா விரலோட பழுத்துரும். எனக்கும் பீடி வேண்டாம், எடுத்து உள்ள வெய்யி. பேட்டரிலருந்து ஹைட்ரஜன் வரும், அது நெருப்புக்கு மாமன் மச்சானெல்லாம் பாக்காது. சாவிய உருவிப் பாக்கெட்டுல போட்டுக்க. கரண்டக் கழட்டி மாட்டறப்ப சில வண்டி தானாப் பூட்டிக்கும். சில வண்டில ரேடியோ கோடு நம்பர் கேக்கும், அத முன்னமே தேடி வெச்சுக்க.

மொதல்ல கறுப்பு. மைனஸ்தான் மொதல்ல கழட்டோணும், கடைசில மாட்டோணும். ஏன்னு கேளு, கேக்கவே மாட்டீங்கறயே! வண்டி பாடி பூராவும் மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கறப்பவே பிளஸ்ஸக் கழட்டப் போயி ஸ்பேனரு பாடில பட்டா வெல்டிங் பட்டறதான். மைனஸ்ஸக் கழட்டி ஓரமாத் தள்ளிட்டா அப்பறம் ஸ்பேனரு பாடில எங்க இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனரு. உலகத்துல எல்லா ஊட்டுலயும் பத்தாம் நம்பர் மட்டுந்தான் தொலையும். என்றது கட்டுத்தாரை எரவாணத்துல சொருகியிருக்குது, எடுத்துக்க. எடுத்த எடத்துல வெய்யி.

கலர் பாட்டில எதுக்குத் தொறக்கறே? அத ஊத்துனாக் கரையுமா? கரையும், நீ பாத்த வீடியோவுல பொய் சொல்லல. அதுவும் புளிப்பான அமிலந்தான். அமிலத்து மேல அமிலத்த ஊத்தி, சக்கரையும் சேத்து உட்டா நாளைக்கு எறும்பு நோம்பி சாட்டும். அதக் குடிச்சுட்டு உள்ள போயி ஆப்ப சோடா கேளு. ஒரு சொம்பு சுடுதண்ணில ரெண்டு கரண்டி. பேட்டரி மேல மூடியெல்லாம் இறுக்கமா இருக்குதான்னு பாத்துட்டு ஊத்தோணும், சோடா உள்ள போனா அமிலம் கெட்டுரும். கண்ணாடி போட்டுக்க. பொறிஞ்சு நொரைக்குதா? நொரை நிக்கற வரைக்கும் ஊத்து. அப்பறம் நல்ல தண்ணி. வேட்டிய மடிச்சுக் கட்டு, அமிலம் தெறிச்ச பருத்தித்துணி ஒடனே ஒண்ணும் சொல்லாது, அடுத்த தொவையல்ல ஓட்ட ஓட்டையா வரும்.

பித்தளை பிரஷ்ஷோ உப்புத்தாளோ எடுத்து, கொமுளையும் கிளாம்புக்கு உள்பக்கத்தையும் ஈயம் பளபளக்கற வரைக்கும் தேயி. வெளிய பளபளத்து என்ன பண்ண, கரண்டு உள்பக்கந்தான் போகுது. சுத்தியல வெய்யி கீழ! ஈயம் மெத்து. தட்டுனா கொமுளு அடியில உட்டுரும், கடைக்காரரு சொன்னதும் நெசமாயிரும்.

காயட்டும், குக்கு. இந்தச் செல்ப்பே இல்லாத காலத்துல முன்னால ஹேண்டிலச் சொருகித்தான் சுத்தோணும். எஞ்சின் திருப்பி ஒதைச்சுதுன்னா மணிக்கட்டு போச்சு. 1912-ல கெட்டரிங்குங்கற அமெரிக்கக்காரரு கேடிலாக் காருல கரண்டு செல்ப்பு வெச்சுக் குடுத்தாரு. அதுக்கு அப்பறமும் நம்மூரு அம்பாசிடருல ரொம்ப நாளைக்கு ஹேண்டில் இருந்துச்சு. கிணத்து டீசல் எஞ்சினுக்கு நானே சுத்தியிருக்கறேன். கட்டவெரலையும் மத்த வெரலோட ஒரே பக்கமா வெச்சுப் புடிக்கோணும், சுத்தி வளைச்சுப் புடிச்சா ஒதைக்கறப்ப கட்டவெரலு தனியாப் போயிரும்.

இப்ப பிளஸ்ஸ மாட்டு, அப்பறம் மைனஸ். கையில திருகுனா அசையக் கூடாது, அதுக்கு மேல பலத்தக் காட்டாதே. மாட்டி முடிச்சுட்டு மேலால வாசலின் பூசு, ஈரமும் அமிலமும் ஒட்டாது. கறுப்பு ஒயரு பாடில போயி மாட்டற முனையையும் ஒருக்கா பாத்துரு, துருவு அங்கயும் குடியிருக்கும். திருகு சாவிய.

எடுத்துருச்சா! பல்ல இளிக்காதே, மீட்டர வெய்யி. ஓடறப்ப 13.8-லருந்து 14.4-க்குள்ள இருந்தா டைனமோ சார்ஜ் ஏத்துது. பன்னண்டரைலயே நின்னா டைனமோ பக்கம் வேற சோலி இருக்குது. உன்னுது 14.1, தப்பிச்சே. நாளைக்குக் காலையில பனியில ஒருக்கா எடுத்துப் பாரு. அப்பவும் இழுத்துச்சுன்னா பேட்டரிய லோடு வெச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லலாம், அப்பக் கடைக்காரருகிட்டப் போ. குத்தமில்ல.

எங்க கைகழுவக் கெளம்பறே? சோடா பாதிச் சொம்பு மிச்சமிருக்குது, பிரஷ்ஷும் கையில இருக்குது. பொடக்காளில டிராக்டரு நிக்குது பாரு, அதுலயும் இதே மாதிரி நீலமாப் பூத்துக் கெடக்குது. நோம்பிக்கு முன்னால இருந்து மேட்டுல நிறுத்தி உருட்டித்தான் எடுத்துக்கிட்டு இருக்கறேன். மாப்ள வருவே, வந்தாப் பாத்துக்கலாம்னுதான் உட்டு வெச்சேன். மொதல்ல கறுப்பு, மறந்துறாதே.