நாகரிகம் அழிந்த பின் நாயகன் ஆவது எப்படி?

உலகம் அழிந்த மறுநாள் காலை எல்லோரும் குடமும் கையுமாகத் தண்ணீர் தேடி ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். முதலில் ஒரு கறுப்புத் தோல் ஜாக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பாலைவன வெயிலில் தோல் ஜாக்கெட்டா என்று கேட்பவர்கள் எல்லாம் படத்தின் முதல் பத்து நிமிடத்தில் செத்துப்போகும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். இந்தச் சீருடையை நிலைநாட்டியது 1981இல் வந்த ‘மேட் மேக்ஸ் 2’. ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரை ஒட்டிய பொட்டல்காட்டில், குளிர்காலத்தில் படம் பிடித்தார்கள். பின்னால் அதைப் பார்த்துப் படம் எடுத்தவர்கள் குளிரை விட்டுவிட்டு ஜாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜாக்கெட்டில் ஒரு கை கிழிந்து போயிருக்க வேண்டும். முழங்காலில் கம்பி கட்டியிருந்தால் இன்னும் நல்லது. 1979இல் வந்த முதல் பாகத்தில் நாயகன் மேக்ஸின் முழங்காலில் சுட்டார்கள், கைமேல் பைக்கை ஏற்றினார்கள். இரண்டாம் பாகத்திலும் மனிதர் அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார். நம் படங்களில் தோளில் வாங்கிய குண்டு ஒரே பாட்டில் ஆறிவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. உடை விஷயத்தில் இன்னும் சந்தேகம் இருந்தால் ஜென்னி பீவனைப் பாருங்கள். 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’க்கு உடை வடிவமைத்து ஆஸ்கர் வாங்கிய அந்த அம்மாள், பட்டுக் கவுன்களுக்கு நடுவே, முதுகில் மண்டையோடு போட்ட போலித் தோல் ஜாக்கெட்டோடு மேடையேறினார்.

அடுத்தது குடும்பம். மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லோரும் சௌக்கியமாக இருந்தால் நாயகன் வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை. எல்லோரையும் பறிகொடுத்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. பொதுவாகவே பேசக் கூடாது. இரண்டாம் பாகம் முழுக்க மேக்ஸாக நடித்த மெல் கிப்சன் பேசும் வசனத்தை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம். பஞ்ச் டயலாக் பேசியே பழகியவர்கள் பேசாமல் வில்லன் பக்கம் சேர்ந்துவிடுங்கள். அங்கே மைக் உண்டு. விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தின் வில்லன் ஹியூமங்கஸ், முகத்தில் இரும்பு மூடி, மேலே சட்டை இல்லாத உடம்பு, கையில் ஒலிவாங்கி என்று வந்து நிற்பார். அவருக்கு முன்னால் ஒரு கையாள், நம் ஊர்க் கட்சி மேடையில் தலைவரை அழைக்கிற மாதிரி, வரிசையாக அடைமொழி போட்டு அறிமுகம் செய்வான். உலகம் அழிந்தாலும் அடைமொழி அழியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெளிவானது.

நாய் ஒன்று வளருங்கள். பெயர் வைக்காதீர்கள். மேக்ஸின் நாய்க்குப் பெயரே கிடையாது, வெறும் நாய்தான். காரணம், அது சாகப்போகிறது. ‘ஐ ஆம் லெஜன்ட்’ (2007) படத்தில் வில் ஸ்மித்தின் நாய்க்கு சாம் என்று பெயர் இருந்தது. அதற்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாப்பாடு உங்களுக்கும் நாய்க்கும் பொதுதான். மேக்ஸ் நாய்த்தீனி டப்பாவை ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிடும்போது, பிடிபட்ட விமானி எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி, இந்த வகைப் படங்களிலேயே நான் மிகவும் ரசித்த விருந்து.

கடல் பொங்கி உலகம் அழிந்தால் மட்டும் அடுத்த அழிவுக்குக் காத்திருங்கள். ‘வாட்டர்வேர்ல்ட்’ (1995) நாயகன் கெவின் காஸ்ட்னர் தன் சிறுநீரையே வடிகட்டிக் குடித்துத்தான் அறிமுகமாகிறார். அந்தக் காலத்தில் அதைவிட அதிகச் செலவில் எடுத்த படம் கிடையாது.

இப்போது பெட்ரோல். இங்குதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் படங்கள் எல்லாம் பிறந்ததே பெட்ரோல் பங்கில்தான். 1973இல் அரபு நாடுகள் சில நாடுகளுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பங்குகளில் வரிசையை மீறி நுழைந்தவர்கள் அடிதடியில் மாட்டியதைப் பார்த்தவர் ஜேம்ஸ் மெக்காஸ்லாண்ட் என்ற பத்திரிகையாளர். முதல் பாகத்தின் திரைக்கதையை ஜார்ஜ் மில்லரோடு சேர்ந்து எழுதியவர் அவர்தான். மில்லரோ சிட்னியில் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டராக இருந்து, சாலை விபத்தில் நொறுங்கி வந்தவர்களைக் கவனித்தவர். ஒருவருக்குப் பெட்ரோல் வரிசை, இன்னொருவருக்கு உடைந்த எலும்பு. உலகத்தை அழிக்க அணுகுண்டெல்லாம் அவர்களுக்கு அவசியமே படவில்லை. முதல் பாகத்தில் உலகம் பாதிதான் கெட்டிருக்கிறது, கடைகள்கூடத் திறந்திருக்கின்றன.

ஆனால் கணக்கு மட்டும் போடாதீர்கள். ஒரு டேங்கர் பெட்ரோலுக்காக அதைப்போல் இரண்டு டேங்கர் பெட்ரோலை எரித்துத் துரத்துவார்கள். ‘ஃப்யூரி ரோடு’ படத்தில் ஒரு லாரி நிறைய ஸ்பீக்கர், பின்னால் மேளக்காரர்கள், முன்னால் தொங்கியபடி ஒருவர் வாசிக்கும் கிதாரிலிருந்து நெருப்பு. கிராஃபிக்ஸ் இல்லை, நிஜமாகவே நெருப்பு கக்கும்படி செய்து வைத்திருந்தார்கள். பெட்ரோல் சில மாதம் கிடந்தாலே கெட்டுப்போகத் தொடங்கும் என்று மெக்கானிக் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எரிபொருளைப் பற்றி உருப்படியாக யோசித்த ஒரே ஊர், 1985இல் வந்த மூன்றாம் பாகத்தின் பார்ட்டர்டவுன். அங்கே பன்றிச் சாணத்திலிருந்து வாயு எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். டீனா டர்னர் மேலே மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். கீழே பன்றிக் கொட்டடியை நிர்வகிக்கும் குள்ள மனிதர் கோபம் வந்தால் கரன்ட்டை நிறுத்திவிடுவார். இந்த ஊரை நடத்துவது யார் என்று அந்த அம்மாளை ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லவைத்த பிறகே விளக்கு எரியும். மின்வெட்டில் வளர்ந்த நமக்கு இந்த அரசியலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாலைவனத்தையும் நம்பாதீர்கள். ‘ஃப்யூரி ரோடு’க்காகத் திரும்பவும் புரோக்கன் ஹில்லுக்குப் போனார்கள்; மழை கொட்டி, பொட்டல்காடு முழுக்கப் புல்லும் பூவுமாகிவிட்டது. உலகம் அழிய மறுத்ததால் மொத்தக் கூட்டமும் நமீபியாவுக்கு மூட்டை கட்டியது.

இவ்வளவு கஷ்டத்துக்கும் ஏன் ஆசைப்படுகிறோம்? அழிந்த உலகத்தில் இஎம்ஐ இல்லை, ஓடிபி கேட்க ஆளில்லை, சாலையில் சிக்னல் இல்லை. டிக்கெட் வாங்கி உட்காரும் ஒருவராவது மணலில் கிடக்கும் எலும்புக்கூடாகத் தன்னை நினைத்துக்கொள்வதில்லை. எல்லோருக்கும் ஸ்டியரிங் பிடிக்கிற இருக்கைதான். நானும் விலக்கல்ல. ஆனால் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அந்த உலகத்தில் யாரும் எதையும் புதிதாகச் செய்வதில்லை. பழைய உலகம் போட்டுவிட்டுப் போன காயலான் சரக்கைத்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். எனவே நிரந்தர வேலை வேண்டுமென்றால் ஜாக்கெட்டை விற்றுவிட்டு ஸ்பானர் வாங்குங்கள். ‘மேட் மேக்ஸ் 2’இல் எண்ணெய்க் கோட்டைக்குள் கால் இயங்காத மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரைக் கயிற்றில் தொங்கவிட்டு எஞ்சினுக்கு மேலே இறக்குகிறார்கள். தொங்கியபடியே நட்டுகளை முடுக்கி, எது ஓடும் எது ஓடாது என்று ஒப்பிக்கிறார். அவர் கை வைக்காமல் அங்கே ஒரு வண்டியும் நகராது. போஸ்டரில் அவர் படம் கிடையாது.

இல்லை, நாயகனாகத்தான் ஆவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அந்தப் படத்தின் உச்சக்கட்டத்தில் மேக்ஸ் டேங்கர் லாரியை ஓட்ட, வில்லன் கூட்டம் துரத்தி வருகிறது, பலர் சாகிறார்கள். லாரி கவிழ்ந்த பிறகு பார்த்தால் உள்ளிருந்து கொட்டுவது மணல். பெட்ரோலைப் பீப்பாய்களில் நிரப்பி வேறு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கோட்டைக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களையும் அப்படி ஒரு லாரியை ஓட்டச் சொன்னால், ஏறுவதற்கு முன் டேங்கை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.