பனியோடு போட்டி போடும் பூ

குன்னூர் வாசகி: பனிக்குள்ளிருந்து ஒரு ஊதாப் பூ எட்டிப் பார்க்கும் படம் பார்த்தேன். என்ன பூ அது?

அநேகமாக ஐரிஸ் ரெட்டிகுலேட்டா. துருக்கி, காக்கசஸ், இராக், ஈரான் மலைச்சரிவுகள்தான் சொந்த ஊர். 1808-ல் பீபர்ஸ்டைன் என்ற தாவரவியலாளர் பெயர் சூட்டினார். பூக்கும்போது ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஐரோப்பியத் தோட்டங்களில் பிப்ரவரி, மார்ச்சிலேயே பூத்துவிடும். நம் பாலில் போடும் குங்குமப்பூவும் இதே குடும்பம்தான்.

திருச்சி வாசகர்: இவ்வளவு குட்டியாக இருந்துகொண்டு பனியைத் தாங்குவது எப்படி?

முக்கியமான சமாசாரத்தை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. பூவைத் தாங்கும் காம்பு என்று நாம் நினைப்பது உண்மையில் பூவின் நீண்ட குழல். விதை உண்டாகும் சூலகம் அதற்கும் கீழே, கிழங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே இதழ் பனியில் வாடினாலும் கரு பத்திரம். காய் முற்றும்போதுதான் மண் மட்டத்துக்கு வந்து தலைகாட்டும்.

மதுரை வாசகி: பூவில் ஒன்பது இதழ்களா? எண்ணி எண்ணிக் குழம்பிவிட்டேன்!

நிஜ இதழ் ஆறுதான். மூன்று நிமிர்ந்து நிற்கும், மூன்று வளைந்து தொங்கும். மீதி மூன்றும் இதழ் வேஷம் போட்ட சூல்தண்டுகள். அந்த வேஷத்துக்குக் காரணம் இருக்கிறது. தொங்கும் இதழின் நடுவே ஓடும் மஞ்சள் கோடுதான் தேனீக்கு வழிகாட்டி. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தேனீ, சூல்தண்டின் கூரைக்கடியில் நுழையும். வாசலிலேயே சூலகமுடி என்ற மெல்லிய மடல் ஒன்று அதன் முதுகைத் தடவி, வேறு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே போனதும் இந்தப் பூவின் மகரந்தம் முதுகில் ஒட்டும். வெளியே வரும்போது மடல் மறுபக்கம் திரும்பிவிடுவதால், சொந்த மகரந்தம் சூலகமுடியில் படாது. இந்த ஒரு வித்தைக்காகவே ஐரிஸை மண்டியிட்டுப் பார்க்கலாம்.

ஊட்டி வாசகர்: எங்கள் ஊர்க் குளிருக்கு வளருமா?

குளிர் பாதிக் கணக்குதான். இதற்குக் கோடைத் தூக்கம் வேண்டும், அதுவும் காய்ந்த மண்ணில். உங்கள் ஊரில் ஜூன் வந்தால் மழை கொட்டும். தூங்கும் கிழங்கு அழுகிவிடும். தொட்டியில், மணலும் சரளையும் கலந்த மண்ணில் வைத்து, இலை காய்ந்ததும் மழை படாத இடத்துக்கு மாற்றினால் முயன்று பார்க்கலாம். தரையில் நடாதீர்கள்.

சென்னை வாசகி: ஃப்ரிட்ஜில் வைத்துப் பூக்க வைக்கலாமாமே?

கிழங்குக்குக் குளிர்காலம் வந்ததாகக் காட்டும் வழி அது. மூன்று மாதமாவது வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பூத்தாலும் சென்னை வெயிலில் சில நாள் விருந்துதான். மறு வருடத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

டொராண்டோ வாசகர்: முதல் வருடம் அமோகம், அடுத்த வருடம் வெறும் இலை. என்ன குற்றம்?

பூ உதிர்ந்தபின் இலையை வெட்டினீர்களா? பூவின்போது குட்டையாக இருக்கும் அந்த நாலு பட்டையுள்ள இலை, பிறகுதான் ஓரடிக்கு நீளும். அடுத்த பூவுக்கான சாப்பாட்டைச் சேர்ப்பது அதுதான். மஞ்சள் நிற டான்ஃபோர்டியே என்ற ஐரிஸ் இனமாக இருந்தால் கதை வேறு. பூத்ததும் தாய்க்கிழங்கு பொடிக் கிழங்குகளாகச் சிதறிவிடும். அவை பருத்துப் பூக்க வருடங்கள் ஆகும். நாலு அங்குலம் அல்லது இன்னும் ஆழமாக நட்டால் சிதறல் குறையும். கிழங்கைப் போர்த்தியிருக்கும் வலைச்சட்டையில் மை கொட்டினாற்போல் கறை தெரிந்தால், அது பூஞ்சை. தயங்காமல் அப்புறப்படுத்துங்கள்.

கோவை வாசகர்: காட்டிலிருந்து தோண்டி வருவது தப்பா?

தப்புதான், சந்தேகமே வேண்டாம். ஜார்ஜியா மலைகளின் வெளிர்மஞ்சள் ஐரிஸ் வினோகிராடோவி அருகிவரும் இனம். அதையும் துருக்கியின் ஐரிஸ் ஹிஸ்ட்ரியாய்டிஸையும் கலந்து இங்கிலாந்தின் ஆண்டர்சன் என்பவர் உருவாக்கிய 'கேத்தரின் ஹாட்ஜ்கின்' ரகம் இன்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வெளிர்நீலத்தில் மஞ்சள் தீற்றலும் நீலக் கோடுகளுமாக, அத்தனை அழகு. பண்ணையில் வளர்ந்த கிழங்கு இருக்க, மலையை ஏன் தோண்ட வேண்டும்?

சேலம் வாசகி: வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. பயமில்லையே?

கிழங்கு நஞ்சு. எட்டாத உயரத்தில் வையுங்கள்.